பதினைந்து மாத வருஷம்

எங்கள் தெருவில் சாலை போடுவது மார்ச் மாதத்தில்தான். மற்ற நாளெல்லாம் குண்டும் குழியுமாகக் கிடக்கும். மழை பெய்தால் எது சாலை, எது ஏரி என்று பீர்க்கன்கரணைக்காரர்களுக்கே சந்தேகம் வந்துவிடும். அப்போது யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். மார்ச் கடைசி வாரத்தில் திடீரென்று தார் மணக்கும், ரோடு ரோலர் வரும், அவசர அவசரமாக வேலை முடிந்து எல்லோரும் போய்விடுவார்கள். ஏன் இப்படி அடித்துப் பிடித்துப் போடுகிறீர்கள் என்று ஒருமுறை மேஸ்திரியிடம் கேட்டேன். "இன்னா மேடம் பண்றது, முப்பத்தொண்ணுக்குள்ள முடிக்கலைன்னா துட்டு திரும்பிப் பூடும்" என்றார்.

இதைப் பார்த்தால் என் கணவருக்குக் கோபம் வரும். எனக்குப் பேச்சு வரும். மார்ச்சில் வருஷத்தை முடிக்கும் ஏற்பாடு நம் ஊர் மழையையும் வெயிலையும் பார்த்துச் செய்ததல்ல, லண்டன் கணக்கோடு ஒத்துப்போவதற்காகச் செய்தது என்று நான் ஆரம்பித்தால் அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் அவருக்கு வேலை. என்னிடமிருந்து தப்பிக்க ஷிஃப்ட் நேரம் அவருக்கு எப்போதும் கைகொடுக்கும்.

தாம்பரத்துக்கு அருகே ஒரு கல்லூரியில் வரலாறு சொல்லிக் கொடுக்கிறேன். நாற்பதைத் தாண்டிய பிறகு முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தேன். வெள்ளைக்காரர் காலத்தில் மெட்ராஸ் அரசாங்கத்தின் வரவுசெலவை லண்டன் எப்படி மேற்பார்த்தது என்பது தலைப்பு. கல்யாண வீட்டில் யாராவது "என்ன ரிசர்ச் பண்றீங்க?" என்று கேட்டால், நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் அவர்கள் கண் பந்தி எப்போது என்று தேட ஆரம்பித்துவிடும். எனக்கு அதில் வருத்தம் இல்லை. எனக்கு அந்த விஷயம் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

பிடித்ததற்குக் காரணம் உண்டு. மெட்ராஸில் ஒரு புதிய எழுத்தர் வேலைக்கு ஆள் போட வேண்டும் என்றால் அப்போதைய தலைநகரான கல்கத்தாவைக் கேட்க வேண்டும். சம்பளம் கொஞ்சம் பெரிதாக இருந்தால் கல்கத்தா லண்டனைக் கேட்க வேண்டும். கடிதம் கப்பலில் போகும், கேள்வி கப்பலில் வரும், விளக்கம் மறுபடியும் கப்பல் ஏறும். அதற்குள் இங்கே காரியம் நடந்தாக வேண்டுமே! அதனால், அனுமதி வந்துவிடும் என்ற நம்பிக்கையில் செலவு செய்துவிட்டோம் என்று பணிவாக எழுதுவார்கள். ஏன் செய்தீர்கள் என்று அங்கிருந்து வள்ளென்று விழுவார்கள். இவ்வளவும் கேட்ட லண்டனிலிருந்த இந்திய விவகார அமைச்சருக்குச் சம்பளம் போனது எங்கிருந்து தெரியுமா? நம் ஊர் வரிப்பணத்திலிருந்துதான். இதை முதல்முறை படித்த அன்று வயிறெரிய வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் சாம்பாரைக் கிளறியபடி, "நம்ம அங்கிள் பரவாயில்ல. ஃப்ரீயா கேள்வி கேக்கறார்" என்றார்.

அந்த அங்கிளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் கிறிஸ்தவ சபையில் ஆண்டுக் கூட்டம் என்று ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கோவிலிலேயே உட்கார்ந்து, போன வருஷக் கணக்கை வாசித்து, ஏற்றுக்கொள்கிறோம் என்று கை தூக்க வேண்டும். பாதிப் பேருக்குப் பசி, மீதிப் பேருக்குத் தூக்கம். கை தூக்கும் நேரத்தில் மூன்றாவது வரிசையிலிருந்து ஒருவர் எழுந்திருப்பார். பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மைதானத்தின் அந்தக் கோடியில் நிற்பவனை இந்தக் கோடியிலிருந்து கூப்பிட்டுப் பழகிய குரல், மைக் தேவையில்லை. "ஒரு சின்ன சந்தேகம்" என்பார். கோவில் முழுக்க ஒரு பெருமூச்சு கேட்கும்.

ஒரு வருஷம் அறுப்பின் பண்டிகையில் காணிக்கையாக வந்த காய்கறிகளை ஏலம் விட்டபோது ஒரு பூசணிக்காயைப் போட்டி போட்டு எடுத்தார். அடுத்த கூட்டத்தில், அந்தப் பூசணிக்காய்க்கு நான் கொடுத்த பணம் எந்தத் தலைப்பில் வரவு வைக்கப்பட்டிருக்கிறது என்று கேட்டார். அன்றைக்குப் பிரியாணி ஆறிப்போனது. பிள்ளைகள் அவருக்குப் பூசணி அங்கிள் என்று பெயர் வைத்தார்கள். பெரியவர்களும் அவர் இல்லாத இடத்தில் அப்படித்தான் சொன்னோம்.

இந்த வருஷக் கூட்டத்துக்குக் கணக்கு வாசிக்கும் வேலை என் கணவர் தலையில் விழுந்தது. வேறு யாரும் ஒப்புக்கொள்ளாததால் பொருளாளர் ஆனார். வீட்டில் என்னைக் கிண்டல் செய்கிற மனிதருக்கு, நாலு பேர் முன்னால் நின்றால் வாய் ஒட்டிக்கொள்ளும். இதற்கு நடுவில் மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. சபைகள் எல்லாம் ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை கணக்கு வைத்திருந்தன. இனிமேல் அரசாங்க வருஷம் போல ஏப்ரலிலிருந்து மார்ச் வரை வைக்க வேண்டும். இடையில் தொங்கிய மூன்று மாதத்தை என்ன செய்வது என்று கமிட்டி மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் பழைய வருஷத்தோடேயே ஒட்டிவிட்டது. ஆக அந்த ஒரு வருஷத்துக்கு மட்டும் பதினைந்து மாதம்.

அப்போது எனக்குத் தலைக்கு மேல் வேலை. ஆய்வேட்டைக் கொடுக்கப் பல்கலைக்கழகம் நீட்டித்துத் தந்த கடைசித் தவணை ஜூன் மாதத்தோடு முடிகிறது. அதைத் தாண்டினால் பதிவு ரத்து. கல்லூரி நிர்வாகமும் கறாராகச் சொல்லிவிட்டது: பட்டம் இல்லாதவர்களுக்கு அடுத்த ஆண்டு வேலை இல்லை, ஏட்டைக் கொடுத்துவிட்டேன் என்று அத்தாட்சி காட்டினால் பொறுத்துப் பார்ப்போம். எனக்கு அந்த வேலை வெறும் சம்பளம் அல்ல. காலையில் வகுப்புக்குள் நுழையும்போது நான் நானாக இருக்கிறேன். அது போய்விடுமோ என்று பயந்துகொண்டே இருந்தேன்.

ஆனாலும் மே மாதத்தில் நான் ஓரளவு நிம்மதியாகத்தான் இருந்தேன், ஏனென்றால் ஏடு முடிந்துவிட்டது. அதிலும் நான்காவது அத்தியாயம் என் செல்லப் பிள்ளை. ஆயிரத்து எண்ணூற்று அறுபதுகளில் ஒரு வருஷம், ஏரி மராமத்துக்கு மெட்ராஸ் செய்த செலவு சட்டென்று இறங்கியிருந்தது. அதற்குச் சற்று முன்னால் சிக்கனமாக இருங்கள் என்று லண்டனிலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. இரண்டையும் சேர்த்துக் கட்டினேன். 'லண்டனில் எழுதப்பட்ட ஒரு கடிதம் மெட்ராஸின் ஏரிகளை வற்ற வைத்தது' என்று ஒரு வாக்கியம் எழுதினேன். எழுதிவிட்டு நானே அதை நாலு முறை வாய்விட்டுப் படித்துக்கொண்டேன். என் கைடு, அதாவது ஆய்வுக்கு வழிகாட்டும் பேராசிரியை, லேசில் பாராட்டாதவர். அவரே அந்த வாக்கியத்தின் ஓரத்தில் ஒரு டிக் போட்டிருந்தார்.

கூட்டத்தன்று வெயில் கொளுத்தியது. மின்விசிறிகள் எல்லாம் சுற்றின, காற்றுதான் வரவில்லை. கணவர் கணக்கை வாசித்தார். பாதியிலேயே குரல் கம்மிவிட்டது. வாசித்து முடித்துத் தண்ணீர் பாட்டிலைத் திறக்கிறார், மூன்றாவது வரிசை எழுந்தது.

"ஒரு சின்ன சந்தேகம். போன வருஷத்துக்கு இந்த வருஷம் கரண்ட் பில் எகிறியிருக்கு. தோட்டக்காரர் சம்பளம் எகிறியிருக்கு. சரி, வெலவாசின்னு விட்டுடலாம். ஆனா ஞாயிறு பள்ளி பிக்னிக் ரெண்டு தடவை போட்ருக்கு. ஒரு வருஷத்துல எந்த ஊர்லங்க ரெண்டு பிக்னிக் போவாங்க? நமக்குத் தெரியாம யார் போனது?"

கோவிலில் சிரிப்பு எழுந்தது. சிலர் சிரிக்கவில்லை, கணவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அவர் தாள்களைப் புரட்டினார். பதில் அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். வாய்தான் வரவில்லை. கழுத்தெல்லாம் வியர்த்து, பிடிபட்ட ஆளைப் போல நின்றார். எனக்குப் பொறுக்கவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்துவிட்டேன்.

"அங்கிள், பிக்னிக் பிப்ரவரியிலதான் போவோம். இந்தக் கணக்குல ரெண்டு பிப்ரவரி இருக்கு. போன வருஷ பிப்ரவரி வண்டலூர், இந்த வருஷ பிப்ரவரி மகாபலிபுரம். இது பதினஞ்சு மாச வருஷம். இதைப் பன்னண்டு மாச வருஷத்தோட பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தா தப்பாத்தான் தெரியும். வருஷத்தோட நீளத்தைப் பார்க்காம தொகையை மட்டும் பார்க்கலாமா?"

கடைசி வாக்கியத்தைக் கொஞ்சம் ஆசிரியைக் குரலில் சொன்னேன் என்று நினைக்கிறேன். யாரோ கை தட்டினார்கள். அங்கிள், "அப்படிச் சொல்லுங்க" என்று உட்கார்ந்தார். கணவர் என்னைப் பார்த்த பார்வையில் இருந்த நன்றியை முழுதாக ரசிக்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. நான் உட்காரும்போதே என் காதில் என் வாக்கியமே திரும்ப விழுந்தது. வருஷத்தின் நீளத்தைப் பார்க்காமல் தொகையை மட்டும் பார்க்கலாமா?

அந்த மே மாத வெயிலில் எனக்குக் குளிர்ந்துவிட்டது. அறுபதுகளில்தானே மெட்ராஸின் நிதியாண்டும் மாறியது! அதுவரை மே முதல் ஏப்ரல் வரை இருந்ததை, லண்டனோடு ஒத்துப்போக, ஏப்ரல் முதல் மார்ச் வரை என்று மாற்றினார்கள். மாற்றிய வருஷத்துக்குப் பதினோரு மாதம்தான். இது ரகசியம் இல்லை. என் துறையில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். மேஸ்திரியிலிருந்து கணவர் வரை பிடித்து வைத்துச் சொல்பவள் நான்தானே! வகுப்பில் வருஷா வருஷம் நடத்துகிறேன். ஆனால் அது என் மூளையில் ஓர் அலமாரியில் இருந்தது, அட்டவணை வேறோர் அலமாரியில் இருந்தது. செலவு இறங்கியதாக நான் ஆட்டம் போட்ட வருஷம், அந்தப் பதினோரு மாத வருஷம்.

காணாமல் போன மாதம் எது என்று பார்த்தால் இன்னும் மோசம். ஏப்ரல். ஏரி மராமத்து எப்போது நடக்கும்? தண்ணீர் வற்றி, தரை வெடித்துக் கிடக்கிற கோடையில். அன்று மாலை கணவரோடு எங்கள் ஏரிக்கரையில் நின்றபோது கரையோரம் வண்டல் பாளம் பாளமாக வெடித்திருந்தது. மண் வெட்டும் மாதத்தையே கணக்கிலிருந்து எடுத்துவிட்டு, ஐயோ செலவு குறைந்துவிட்டதே என்று ஓர் அத்தியாயம் எழுதியிருக்கிறேன். கூட்டத்தில் பூசணி அங்கிளைப் பார்த்துச் சிரித்தவர்கள் என் ஏட்டைப் படித்தால் எங்கே போய்ச் சிரிப்பார்கள்? அவருக்காவது பசி நேரம் என்ற சாக்கு உண்டு.

"யாராவது கண்டுபிடிப்பாங்களா?" என்று கணவர் மெதுவாகக் கேட்டார்.

"மாட்டாங்கன்னுதான் நினைக்கிறேன். இவ்வளவு நாள் யாரும் கண்டுபிடிக்கலையே."

ஜூன் முடிய அதிக நாள் இல்லை. அப்படியே கொடுத்தால் வேலை நிலைக்கும். இடித்துக் கட்டினால் தவணைக்குள் முடியுமா என்று தெரியாது. அவருக்கும் அது தெரியும். வீட்டுக் கடன் அவர் பெயரில்தான் இருந்தது. அப்படி இருந்தும், 'கண்டுகொள்ளாதே, கொடுத்துவிடு' என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த மௌனத்துக்கு நான் அவருக்கு எவ்வளவு கடமைப்பட்டிருக்கிறேன் என்பது அவருக்கே தெரியாது. சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேன்.

என் கைடு வீடு பல்லாவரத்தில். வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போவது அவருக்கு ஜெபம் மாதிரி, தவறாது. செடி வாங்குவார். வீட்டில் வைக்க இடமில்லை என்று சொல்லிக்கொண்டே வாங்குவார். அந்த வெள்ளிக்கிழமை சந்தை நெரிசலில், பழைய மிக்ஸிகளுக்கும் புறாக் கூண்டுகளுக்கும் நடுவே அவர் பின்னாலேயே ஓடி விஷயத்தைச் சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். பழைய மிக்ஸி விற்கிறவர், விலை படியாததால் அழுகிறேன் என்று நினைத்து, "அக்கா, அம்பது கொறச்சிக்கறேன்கா" என்றார்.

மேடம் சிரிக்கவில்லை. கையிலிருந்த செம்பருத்தித் தொட்டியை என் கையில் கொடுத்தார். "நானும் டிக் போட்டேனேம்மா" என்றார் முதலில். கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, "அந்த வாக்கியம் அழகா இருந்தது. அழகா இருந்ததால ரெண்டு பேருமே விட்டுட்டோம். தூக்கிப் போடு. பதினோரு மாசத்தைப் பதினோரு மாசத்தோட வெச்சுப் பாரு. முந்தின வருஷத்தை மாசா மாசம் எடுக்க முடியுமா?" என்று கேட்டார். முடியும் என்றேன், ஆவணக் காப்பகத்தில் மாதக் கணக்குக் கட்டுகள் உண்டு. "அப்ப திங்கக்கிழமை காலைல அங்க இரு. எழுத எழுத எனக்கு அனுப்பு. நான் லீவ்லதான் இருக்கேன்." அவர் லீவில் இருந்தது கண் அறுவைக்காக. அதை எனக்கு அப்போது சொல்லவில்லை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு என் பக்கங்களைப் படித்திருக்கிறார்.

அதற்குப் பிறகு வந்த வாரங்களை நினைத்தால் எனக்கு மனிதர்கள்தான் ஞாபகம் வருகிறார்கள். தினமும் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி எழும்பூரில் இறங்குவேன். காப்பகத்துப் படிப்பறையில் கட்டு கேட்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அங்கே இருந்த ஓர் அக்கா என் முகத்தைப் பார்த்தே, "இன்னிக்கு என்னம்மா அவசரம்?" என்பார். ஜூன் என்பேன். என் சீட்டு மேலே ஏறிவிடும். விதிப்படி சரியா என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. அதைக் கேட்க அங்கிள் அங்கே இல்லை, நல்லவேளை.

நான் பென்சிலால் எழுதிக்கொண்டு வருவதைக் கணவர் ஷிஃப்ட் முடிந்து வந்து கணினியில் ஏற்றுவார். மெட்ராஸ் அரசாங்கத்தின் பழைய கணக்கு அவருக்கு ஒரு மண்ணும் புரியாது. ஆனால் எண் தவறினால் சட்டென்று பிடிப்பார். "லண்டனுக்கு அனுப்பினது ஒண்ணு, கல்கத்தாவுக்கு அனுப்பினது ஒண்ணா இருக்கே. எதைப் போட?" என்பார். இரண்டையும் போடுங்கள், ஏன் வேறுபட்டது என்று நான் எழுதுகிறேன் என்பேன். சமையல் முழுக்க அவர். அந்த மாதத்தில் நாங்கள் சாப்பிட்ட சாம்பாரை வைத்து ஒரு புது ஏரியையே நிரப்பியிருக்கலாம்.

இடித்ததில் கிடைத்ததையும் சொல்ல வேண்டும். பதினோரு மாதத்தைப் பதினோரு மாதத்தோடு வைத்தவுடன் என் பெரிய சரிவு கிட்டத்தட்ட மறைந்துபோனது. ஆனால் அந்த ஏப்ரலைத் தேடிப் போனபோது வேறொன்று தெரிந்தது. வருஷத்தின் கடைசி மாதமாக இருந்த ஏப்ரல், இப்போது முதல் மாதம். வேலை மும்முரமாக நடக்கிற கோடையைப் புதிய வருஷம் நடுவில் வெட்டிவிட்டது. மார்ச்சோடு பழைய பணம் முடிகிறது. புதிய பணத்துக்கு அனுமதி வந்ததா இல்லையா என்று தெரியாமல் கரையில் ஆட்களை நிறுத்திவைத்துக்கொண்டு ஒரு பொறியாளர் புலம்பியிருந்தார். அவருக்கு யாரும் கெடுதல் நினைக்கவில்லை. லண்டனில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அவர்கள் நாள்காட்டி வசதியாக இருந்தது. கணக்கு ஒத்துப்போனால் போதும் என்று நினைத்தார்கள். ஏப்ரலில் இங்கே ஏரி எப்படி இருக்கும் என்று கேட்கத் தோன்றவில்லை. நான் முதலில் எழுதிய கடிதக் கதையைவிட இது சின்ன உண்மை. ஆனால் என் தெருவில் மார்ச் மாதம் மணக்கிற தார் வரைக்கும் வருகிற உண்மை.

கடைசி வாரத்தில் தாம்பரம் ரயில் நிலையத்துக்கு அருகே இருக்கும் ஜெராக்ஸ் கடையில் பாய் போடாத குறையாகக் குடியிருந்தேன். கடைக்காரர், "இன்னா மேடம், மறுபடியும் நாலாவதா? அந்த நாலாவதுல இன்னாதான் கீது?" என்று கேட்பார். ஏரி இருக்கிறது என்பேன். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. எனக்காக ஷட்டரைப் பாதி தூக்கி வைத்து, உள்ளே குனிந்து வரச்சொல்லி அச்செடுத்துக் கொடுத்தார். ஏட்டைக் கொடுத்து அத்தாட்சி வாங்கியது தவணையின் கடைசி நாளுக்கு முந்தின நாள். கல்லூரியில் அதைக் காட்டிவிட்டு வெளியே வந்து, மரத்தடியில் நின்று கணவருக்கு போன் செய்தேன்.

வாய்மொழித் தேர்வு மழைக்காலத்தில் வந்தது. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ஏட்டைத் திறந்ததும் நேராக நான்காம் அத்தியாயத்துக்குப் போனார். "எல்லா வருஷத்துக்கும் ஆண்டுத் தொகை கொடுத்திருக்கீங்க. இந்த ஒரு இடத்துல மட்டும் மாசவாரியா பிரிச்சிருக்கீங்க. ஏன்?" என்று கேட்டார். அதைத்தான் கேட்டார், எத்தனையோ பக்கங்கள் இருக்க அதை! பதினோரு மாதம் என்று சொன்னேன். ஏப்ரலைச் சொன்னேன். சொல்லி முடித்த பிறகும் அவர் என்னையே பார்த்துக்கொண்டிருக்கவே, பதற்றத்தில் ஞாயிறு பள்ளி பிக்னிக்கையும் சொல்லிவிட்டேன். அறையே சிரித்தது. தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "நிறைய பேர் சறுக்கற இடம் இது. இதுக்காகவே முதல்ல இந்தப் பக்கத்தைத் திருப்பினேன்" என்றார்.

என் கைடு மேசைக்கு அடியில் என் கையைப் பிடித்து அழுத்தினார். பழைய அத்தியாயத்தோடு நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

பட்டம் கிடைத்தது. வேலையும் நிலைத்தது. பைண்ட் செய்த பிரதி ஒன்றை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அங்கிளைத் தேடிப் போனேன். எல்லோரும் போன பிறகும் அவர் இருந்தார். வரிசை கலைந்த நாற்காலிகளைத் தனியாளாக நேர்ப்படுத்திக்கொண்டிருந்தார். ஒவ்வொரு ஞாயிறும் அவர் இதைச் செய்கிறார் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். நாங்கள் எல்லோரும் சாப்பாட்டுக்கு ஓடிவிடுகிறவர்கள்.

நன்றியுரைப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். கைடுக்கும் கணவருக்கும் காப்பகத்து அக்காவுக்கும் அடுத்து ஒரு வரி இருந்தது: 'ஒரு வருஷத்தில் இரண்டு பிக்னிக் எப்படி வரும் என்று எங்கள் சபையின் ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து கேட்ட பெரியவருக்கு.' அவர் கண்ணாடியை மூக்கில் இறக்கி, விரலை வரியோடு ஓட்டிப் படித்தார். இன்னொரு முறை படித்தார்.

"நான் தப்பாதானேம்மா கேட்டேன்?"

"ஆமா அங்கிள். நீங்க கேட்டதாலதான் நான் தப்பிச்சேன். கேக்காம இருந்திருந்தா என் வேலை போயிருக்கும்."

நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். அவருடைய மைதானக் குரல் அன்றைக்கு எங்கே போனது என்று தெரியவில்லை. "நான் எழுந்தா எல்லாரும் மூச்சு விடறது எனக்கும் கேக்கும்மா. பூசணின்னு சொல்றதும் தெரியும். இதுக்கு நன்றின்னு யாரும் சொன்னதில்ல" என்றார். அந்தப் பெயரை நானும் சொல்லியிருக்கிறேன்.

அவர் மறுபடியும் பக்கத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். முன்னால் ஒரு தாளைப் புரட்டினார், பின்னால் ஒரு தாளைப் புரட்டினார்.

"ஒரு சின்ன சந்தேகம்" என்றார். "மத்த எல்லாப் பக்கத்துலயும் நம்பர் இருக்கு. இதுல மட்டும் ஏன் இல்ல?"

பார்த்தேன். இல்லைதான். நான், கைடு, கணவர், வெளியூர்த் தேர்வாளர் எல்லோரும் பார்த்த பக்கம் அது. நான் சிரித்தேன், அழுகையும் கூடவே வந்தது. பையிலிருந்து பேனாவை எடுத்து, அவர் நேர்ப்படுத்தி வைத்த நாற்காலியில் ஏட்டை வைத்து, அவர் பார்க்கப் பார்க்கவே அந்தப் பக்கத்துக்கு எண் போட்டேன்.